மாணவர்களுக்குக் கணக்கில் ஆர்வம் வரவைப்பது எப்படி?

கணக்குப் பாடத்தை விளையாட்டாக்கினால், சுவரில் வண்ணப் படங்கள் ஒட்டினால், கணித மேதைகளின் கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். வரத்தான் செய்கிறது, ஆனால் அன்றைய வகுப்போடு சரி. மறுநாள் பின்னக் கூட்டலுக்குத் திரும்பியதும் பழைய முகம்தான். மாணவரைக் கணக்கில் பிடித்து உட்காரவைப்பது வேறொன்று. தன்னால் தொடங்க முடிகிற ஒரு கணக்கு வேண்டும். அதில் அவரே ஓர் ஊகம் செய்ய வேண்டும். அந்த ஊகம் சரியா என்று யாரையும் கேட்காமல் அவரே சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது இது நடந்தால் ஆர்வம் பின்னாலேயே வரும்.

ஆர்வமில்லாத மாணவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினருக்குக் கணக்கின் உள்ளே நுழையவே முடிவதில்லை. கீழ்வகுப்பில் எங்கோ ஓர் இழை அறுந்திருக்கும். இன்னொரு வகையினருக்கு எல்லாம் தெரியும், கண்டுபிடிக்கத்தான் ஒன்றும் மிச்சமில்லை. ஒரே மாதிரி முப்பது கணக்கைப் போட்டுச் சலித்தவர்கள் அவர்கள். இருவரும் ஒரே மாதிரிதான் கொட்டாவி விடுவார்கள், ஆனால் மருந்து வேறு வேறு. ஆகவே யார் எந்த வகை என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தல்

ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் ஒரு தாளில் ஏழு கேள்விகள் போதும். 15 நிமிடம் கொடுங்கள். மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழிப்பான் வேண்டாம், தவறாகத் தோன்றுவதை ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். அடித்ததில்தான் உங்களுக்கு வேண்டிய செய்தி பாதி இருக்கும்.

முதல் கேள்வி: 503 − 267. விடை 236. ஒருவர் 364 என்று எழுதியிருந்தால் கவனக்குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறார்: 5-இல் 2 போக 3, 6-இல் 0 போக 6, 7-இல் 3 போக 4. ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறார், விதிதான் தவறு. இடமதிப்பு மனதில் பதியாமல் ‘கடன் வாங்குதல்’ மட்டும் மனப்பாடமானால் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது: 8 + 4 = □ + 5. பெட்டியில் 7 வர வேண்டும். 12 என்றோ 17 என்றோ வந்தால், அவர் சமக்குறியை ‘இதோ விடை’ என்று படிக்கிறார். இரு பக்கமும் சமம் என்று படிக்கத் தெரியாதவருக்கு, இயற்கணிதம் தொடங்கியதும் ஒன்றும் பிடிபடாமல் போகும். அதற்குப் பிறகு சமன்பாட்டை எத்தனை முறை விளக்கினாலும் கோளாறு அந்த இடத்தில் இருக்காது.

மூன்றாவது: 0.35, 0.4 இவற்றில் எது பெரியது? 35-ஐயும் 4-ஐயும் ஒப்பிடுபவர் 0.35 என்பார். இதோடு 0.62, 0.5 என்ற ஜோடியையும் சேர்த்தே கேளுங்கள். புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கூடக்கூட எண் சிறிதாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் முதல் ஜோடியில் தப்பான காரணத்தால் சரியான விடையைச் சொல்லித் தப்பிவிடுவார்கள், இரண்டாவதில் சிக்குவார்கள்.

நான்காவது 1/2 + 1/3. தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி என்று கூட்டி 2/5 எழுதுவது உலகம் முழுக்கக் காணப்படும் பிழை. ஐந்தாவது −3 − 5. விடை +8 என்று வந்தால், ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்ற பெருக்கல் விதியைக் கண்ட இடத்தில் எல்லாம் போடுகிறார் என்று பொருள். ஆறாவது, ஒரு சதுரத்தின் பக்கம் இருமடங்கானால் பரப்பளவு எத்தனை மடங்காகும் என்று கேட்பது; 2 என்பவருக்குச் சூத்திரம் தெரியும், சூத்திரம் எதைச் சொல்கிறது என்பது தெரியாது.

ஏழாவதுதான் நன்றாகப் படிப்பவர்களையும் தடுக்கி விழவைக்கும். ஒரு பள்ளியில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் 20 மாணவர்கள் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ. இரண்டையும் இணைத்து ஒரு சமன்பாடு எழுதச் சொல்லுங்கள். 20ம = ஆ என்று பலர் எழுதுவார்கள். வாக்கியத்தில் 20-க்கு அருகில் மாணவர் வந்ததால் சமன்பாட்டிலும் அப்படியே வைத்துவிடுகிறார்கள். ஆ = 2 என்று போட்டுப் பார்க்கச் சொன்னால், மாணவர் எண்ணிக்கை பத்தில் ஒன்றாக வருவதை அவர்களே பார்த்து ம = 20ஆ என்று திருத்துவார்கள்.

பிழை தெரிந்ததும் கீழ்வகுப்புப் புத்தகத்தை முதலிலிருந்து நடத்தத் தொடங்கிவிடாதீர்கள். மாணவருக்கு அது அவமானம். தெரிந்ததையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருப்பதால் அலுப்பும்கூட. வகுப்பின் பாடம் அதன் போக்கில் போகட்டும். பக்கத்திலேயே நாளைக்குப் பத்து நிமிடம், ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டும். கழித்தலுக்கு நூறு, பத்து, ஒன்று எனக் கட்டிய குச்சிகள்: ஒரு நூறைப் பிரித்துப் பத்துப் பத்துகளாக்கி, அதில் ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கிக் கையால் செய்ய வேண்டும். தசமத்துக்கு 100 கட்டங்கள் உள்ள சதுரம். 35 கட்டமும் 40 கட்டமும் வண்ணம் தீட்டினால் வாதமே இருக்காது. சமக்குறிக்கு ‘சரியா தவறா’ கேள்விகள்: 9 = 4 + 5, 7 = 7, 6 + 3 = 5 + 4. இடப்பக்கம் ஒற்றை எண் வந்தால் ‘தலைகீழாக இருக்கிறது, தவறு’ என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை வளர்க்கவே இந்தக் கேள்விகள். பின்னத்துக்கு ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகள். பாதியும் மூன்றில் ஒன்றும் ஒட்டிவைத்தால் முழுப் பட்டைக்குச் சற்றுக் குறைவாக வரும். அதை ஆறு சமப் பாகமாக்கிய பட்டையோடு ஒட்டிப் பார்த்தால் ஐந்து பாகம் என்று தெரியும். பாதியோடு இன்னொரு துண்டையும் கூட்டியபின் எப்படிப் பாதியை விடக் குறைந்து 2/5 ஆகும் என்ற கேள்வியை அப்போது கேளுங்கள், அதற்கு முன் கேட்க வேண்டாம்.

எந்தக் கணக்கைக் கொடுப்பது?

நல்ல கணக்குக்கு மூன்று அடையாளம். வகுப்பில் கடைசியாக நிற்கும் மாணவரும் ஒரு நிமிடத்துக்குள் ஏதாவது எழுதத் தொடங்க முடியும். பார்த்த மாத்திரத்தில் விடை தெரியாது. கிடைத்த விடை சரியா என்று ஆசிரியரைக் கேட்காமல் சோதிக்க முடியும். பாடநூல் பயிற்சியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாவதில் தோற்கும், புதிர் தொகுப்புகளில் இருப்பவை முதலாவதில் தோற்கும். மூன்றும் சேர்ந்த ஒரு கணக்கை முழுவதும் பார்ப்போம்.

ஒரே நீளமுள்ள 24 குச்சிகள். எல்லாக் குச்சிகளையும் பயன்படுத்தி, குச்சியை உடைக்காமல், ஒரு செவ்வகம் அமைக்க வேண்டும். உள்ளே எத்தனை சதுரக் கட்டம் அடங்கும்? மிகப் பெரிய பரப்பளவு எது, மிகச் சிறியது எது?

40 நிமிட வகுப்பில் நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் 5 நிமிடம் கணக்கைச் சொல்லி, எல்லாரையும் ஓர் ஊகம் எழுதவைக்கவும். ‘சுற்றளவு ஒன்றுதானே, பரப்பளவும் ஒன்றாகத்தான் இருக்கும்’ என்று கணிசமானவர்கள் எழுதுவார்கள். அதைத் திருத்த வேண்டாம். ஊகத்தை எழுத்தில் போட்டவருக்கு விடை தெரிந்தே ஆக வேண்டும். வாயால் சொன்னவருக்கு அந்த அவசரம் இருக்காது. அடுத்த 15 நிமிடம் இரண்டிரண்டு பேராக வேலை. நான்கு பேர் குழுவில் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள், அதனால் இருவர் போதும். குச்சி இல்லாவிட்டால் கட்டம் போட்ட தாள்.

பிறகு 15 நிமிடம் பலகையில் எல்லாருடைய முடிவுகளையும் அட்டவணையாக்குங்கள். நீளமும் அகலமும் சேர்ந்து 12 வரவேண்டும் என்பதை யாராவது கண்டிருப்பார்கள். 1 × 11 = 11, 2 × 10 = 20, 3 × 9 = 27, 4 × 8 = 32, 5 × 7 = 35, 6 × 6 = 36. சதுரம்தான் பெரியது. சாதாரணமாக வகுப்பு இங்கே முடிந்துவிடும். முடிக்காதீர்கள். 36-இலிருந்து ஒவ்வொரு விடையும் எவ்வளவு குறைகிறது என்று ஒரு நிரல் சேர்க்கச் சொல்லுங்கள். 0, 1, 4, 9, 16, 25 என்று வரும். வர்க்க எண்கள் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்ததும் வகுப்பின் சத்தம் மாறும்.

ஏன் என்ற கேள்வி இப்போது உங்களிடமிருந்து வர வேண்டியதில்லை. கீழ்வகுப்பினருக்கு, சதுரத்தின் ஒரு பக்கத்தை எவ்வளவு குறைத்து மறுபக்கத்தைக் கூட்டுகிறோமோ அந்த அளவுள்ள சிறு சதுரம் தொலைந்துபோகிறது என்று காகிதத்தை வெட்டி ஒட்டிக் காட்டினால் போதும். மேல்வகுப்பினருக்கு இது இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற முற்றொருமையேதான்: 5 × 7 என்பது (6 − 1)(6 + 1), ஆகவே 36 − 1. மனப்பாடம் செய்த வரி ஒன்று தாங்களே அடுக்கிய குச்சிகளுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. கடைசி 5 நிமிடத்தில் அடுத்த கேள்வியை மட்டும் போட்டுவிட்டு விடுங்கள்: 26 குச்சி என்றால்? சதுரத்தின் பக்கம் 6.5 ஆகிவிடும், குச்சியை உடைக்கக் கூடாதே! 19 × 21 எவ்வளவு என்று பேனா எடுக்காமல் சொல்ல முடியுமா என்றும் கேட்கலாம்.

இது கெட்டுப்போகும் வழிகள் தெரிந்தவைதான். ஆசிரியர் ‘நீளம் கூட்டல் அகலம் 12’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பது பெருக்கல் பயிற்சி மட்டும். வேகமான மாணவர் ஒருவர் ‘36’ என்று கத்திவிட்டால் மற்றவர்கள் பேனாவை வைத்துவிடுவார்கள். ஆகவே கண்டவர் கத்தாமல் எழுதி மடித்துக் கொடுத்துவிட்டு, 26 குச்சிக்குப் போகலாம் என்று விதி வையுங்கள். மணி அடிக்கும் நேரத்தில் விடையை அவசரமாகச் சொல்லி முடிப்பது இன்னொரு கேடு. முடியாத கணக்கு ஓர் இரவு மனதில் கிடப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை.

கழித்தல் பயிற்சியே வேண்டும், ஆனால் முப்பது கணக்கு கொடுத்தால் அழுவார்கள் என்கிற நிலையா? மூன்று இலக்க எண் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள், மூன்று இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். வந்ததைக் கொண்டு மறுபடியும் அதையே செய்ய வேண்டும். 352 என்றால் 532 − 235 = 297, 972 − 279 = 693, 963 − 369 = 594, 954 − 459 = 495. அதன்பின் 495-லேயே நின்றுவிடும். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஆறு படிகளில் 495 வந்துவிடும். 99 என்று வந்தால் 099 என மூன்று இலக்கமாக எழுத வேண்டும் என்பதை மட்டும் முன்பே சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இலக்கத்தில் வழிதவறிப் போவார்கள். ஒருவருக்கு மட்டும் வேறு எண் வந்தால் அவரே தன் கழித்தலைத் திரும்பப் பார்ப்பார், சிவப்பு மையே தேவையில்லை. நான்கு இலக்கத்தில் இதற்கு ஈடான எண் 6174. அதைக் கண்டவர் கப்ரேகர், பள்ளி ஆசிரியர். மேல்வகுப்பினரிடம், மூன்று இலக்கத்தில் ஒவ்வொரு கழித்தலின் விடையும் ஏன் 99-இன் மடங்காகவே வருகிறது என்று கேளுங்கள். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் அதற்கான காரணம் இருக்கிறது.

கூட்டலுக்கு இன்னொன்று: 1 முதல் 30 வரை உள்ள எண்களில் எவற்றை அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டலாக எழுதலாம்? 9 = 4 + 5, அதுவே 2 + 3 + 4-உம்கூட. 15-க்கு மூன்று வழி உண்டு. அடம்பிடிப்பவை 1, 2, 4, 8, 16 மட்டும். அடுத்த அடங்காப்பிடாரி எது என்று கேட்டால் 32 என்று கத்துவார்கள். ஏன் என்பது பெரியவர்களுக்கும் ஒரு மாலைப்பொழுதுக்கான வேலை.

கேட்பதும் காத்திருப்பதும்

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து காட்டினார். அதை மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கச் சிறியது, நின்று பார்த்தால் நெடியது. மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். கை தூக்கும் வழக்கத்தை விட்டு, விடை கிடைத்தவர் நெஞ்சருகே கட்டைவிரலை மட்டும் காட்டட்டும். பக்கத்தில் இருப்பவரின் உயர்ந்த கையைப் பார்த்து மெதுவாக யோசிப்பவர் நிறுத்திவிடுவது அப்போது நடக்காது.

வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் மனக்கணக்கு ஒன்று. 18 × 5 எவ்வளவு? விடை 90 என்பதில் காரியமில்லை. எப்படி வந்தது என்று மூன்று பேரிடமாவது கேளுங்கள். ஒருவர் 9 × 10 என்று மாற்றியிருப்பார், ஒருவர் 20 × 5-இலிருந்து 10-ஐக் கழித்திருப்பார், ஒருவர் 50-உம் 40-உம் கூட்டியிருப்பார். மூன்றையும் பலகையில் எழுதுங்கள். ஒரே கணக்குக்கு மூன்று பாதை இருப்பதே பலருக்குப் புதுச் செய்தி.

மாணவர் மாட்டிக்கொண்டால் வழியைச் சொல்லாமல் சின்னச் சின்னத் தடயமாகக் கொடுங்கள். கணக்கை உன் சொற்களில் சொல். எது தெரியும், எது தெரிய வேண்டும்? படம் போட்டுப் பார். எண்களைச் சிறிதாக்கிப் பார், 24 குச்சிக்குப் பதில் 8 குச்சி. இவ்வளவுக்குப் பிறகும் நகராவிட்டால் முதல் படியை நீங்கள் செய்து காட்டி இரண்டாவதை அவரிடம் விடுங்கள். எவ்வளவு நேரம் திணறவிடலாம் என்று கேட்பார்கள். ஏதாவது முயன்றுகொண்டிருக்கிறார் என்றால் தொடவே வேண்டாம். இரண்டு மூன்று நிமிடமாகத் தாளையே வெறித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அடுத்த தடயம். திணறல் நல்லது என்று கேள்விப்பட்டு அரை மணி நேரம் கைவிட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அடிப்படையே தெரியாதவருக்கு அது வெறும் தண்டனை.

பயிற்சி, வாய்ப்பாடு

கண்டுபிடிப்பு மட்டும் போதாது. 7 × 8 யோசிக்காமல் வராதவருக்குப் பின்னத்தைச் சுருக்குவது மலையாகிவிடும், கவனம் முழுக்கப் பெருக்கலிலேயே செலவாகிவிடும். ஆகவே வாய்ப்பாடு வேண்டும். அதைக் கொடுக்கும் முறையில்தான் பிள்ளைகள் மிரள்கிறார்கள்.

1 முதல் 10 வரை 100 பெருக்கல்கள். 3 × 7-உம் 7 × 3-உம் ஒன்று என்பதால் அவை 55 ஆகின்றன. 1, 10 வாய்ப்பாடுகளைக் கழித்தால் 36. இரண்டு என்பது இரட்டிப்பு, அதையும் எடுத்தால் 28. ஐந்து என்பது பத்தின் பாதி, 21 மிஞ்சும். ஒன்பது என்பது பத்து மடங்கில் ஒரு மடங்கு குறைவு, 15. ஆக உண்மையில் மனதில் நிறுத்த வேண்டியவை 3, 4, 6, 7, 8 தங்களுக்குள் பெருகும் 15 மட்டுமே. இந்தக் குறைப்பைப் பலகையில் 10 × 10 கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக் காட்டுங்கள். நூறிலிருந்து பதினைந்துக்கு இறங்குவதைக் கண்ணால் பார்த்த மாணவர் வாய்ப்பாட்டைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். வாரத்துக்கு மூன்று வீதம் எடுத்தால் ஐந்து வாரம். 6 × 8 மறந்தால் 3 × 8-ஐ இரட்டித்து 48-க்குப் போகலாம் என்கிற மாதிரி மீட்புப் பாதையையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு இத்தனை என்று எல்லார் முன்னிலையிலும் நடத்தும் போட்டியைத் தொடக்கத்திலேயே வைக்க வேண்டாம். யோசிக்கும்போது விவரங்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் செயல் நினைவகத்தின் இடத்தைப் பதற்றம் பிடித்துக்கொள்ளும், தெரிந்ததும் அந்த நேரத்தில் வராது. வேகம் வேண்டுமென்றால் மாணவர் தன் நேற்றைய நேரத்தோடு தானே போட்டியிடட்டும்.

வீட்டுப்பாடத்தில் ஒரே வகையில் இருபது கணக்கு கொடுப்பதை விட, அன்றைய பாடத்தில் நான்கு, போன வாரத்தில் மூன்று, போன மாதத்தில் இரண்டு எனக் கலந்து ஒன்பது கொடுங்கள். ஒரே வகையாக இருந்தால் எந்த முறை என்று யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். தேர்வில் தடுமாறுவது பெரும்பாலும் முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். கலந்து கொடுத்தால் முதலில் தவறுகள் கூடும். மாணவரும் முகம் சுளிப்பார். இரண்டு மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றாட வாழ்க்கைக் கணக்குகள்

‘கணக்கு எங்கும் இருக்கிறது’ என்ற சொற்பொழிவு எந்தப் பிள்ளையையும் அசைத்ததில்லை. வாழ்க்கைக் கணக்கு என்ற பெயரில் வரும் பலவும் எண்களுக்கு வேடம் கட்டியவைதான். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவருக்கு வயது என்ன என்று தொடக்கப் பள்ளியில் கேட்டால் 36 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. கணக்கில் அர்த்தம் தேடக் கூடாது, எண்களைப் பிடித்து ஏதாவது செய்ய வேண்டும் என்று நாம்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை இப்படி விடையில்லாத கணக்கு ஒன்றையும், தேவையில்லாத எண் ஒன்று செருகப்பட்ட கணக்கு ஒன்றையும் நடுவே போடுங்கள்.

உண்மையான அளத்தலில் ருசி இருக்கிறது, சரியாகச் செய்தால். வட்டமான பொருள்களின் சுற்றளவை விட்டத்தால் வகுத்து 3.14-ஐத் தொடும் பயிற்சி எல்லாப் பள்ளியிலும் உண்டு. பாதி வகுப்புகளில் 2.9, 3.3 என்று வந்து குழப்பத்தில் முடியும். காரணம் பொருள் சிறியதாக இருப்பது. விட்டம் 3 செ.மீ. உள்ள மூடியில் 1 மி.மீ. பிசகினால் விடை 3.04-இலிருந்து 3.25 வரை அலையும். விட்டம் 20 செ.மீ. என்றால் அதே பிசகுக்கு 3.13 முதல் 3.16 வரைதான். ஆகவே 10 செ.மீ.க்கு மேற்பட்ட பொருள்களையே எடுங்கள். நூல் இழுபடாததாக இருக்கட்டும். ஐந்து சுற்றுச் சுற்றி ஐந்தால் வகுங்கள். விட்டத்தை அளக்கப் பொருளை இரண்டு கனமான புத்தகங்களுக்கு இடையில் நிறுத்தி அவற்றின் இடைவெளியை அளக்க வேண்டும். அளவுகோலை மேலே வைத்துக் கண்ணால் நடுவைத் தேடுவது சரிவராது.

தாள் மடிப்பும் அப்படியே. 0.1 மி.மீ. தடிமன் உள்ள தாளை 10 முறை மடித்தால் சுமார் 10 செ.மீ. உயரம். 42 முறை மடித்தால்? ஊகத்தை எழுதவைத்த பிறகு கணக்கிடச் சொல்லுங்கள். சுமார் 4,39,800 கி.மீ. வரும், நிலாவின் சராசரித் தொலைவான 3,84,400 கி.மீ.யைத் தாண்டிவிடும். உண்மையில் ஏழு முறைக்கு மேல் மடிக்கவே திணறுவோம் என்பதையும் கையால் செய்து பார்க்கட்டும். 30 பேர் உள்ள வகுப்பில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். 23 பேருக்கே பாதியைத் தாண்டிவிடும். உங்கள் வகுப்பில் அமையாமலும் போகலாம். அப்படிப் போனால் பக்கத்து வகுப்புகளின் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். நிகழ்தகவு என்றால் என்ன என்பதை அந்தத் தோல்வியே நன்றாகச் சொல்லும்.

பரிசும் பாராட்டும்

1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடன் சேர்ந்தவர்களும் சிறு பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஏற்கெனவே படம் வரைவதில் பிரியமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்பே சொன்னார்கள். பின்னர் பரிசில்லாத நேரத்தில் அவர்கள்தான் மற்றவர்களை விடக் குறைவாக வரைந்தார்கள். கணக்குக்கு நட்சத்திர ஒட்டியும் புள்ளிப் பட்டியலும் வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமும் ஆர்வமில்லாதவரை முதல் அடி எடுத்துவைக்கத் தூண்டப் பரிசு உதவலாம். ஏற்கெனவே பிடித்துச் செய்பவருக்குக் கொடுத்தால் கெடுதல்.

பாராட்டு செய்த வேலையைச் சுட்ட வேண்டும். ‘நீ கெட்டிக்காரன்’ என்றால் அடுத்த கடினமான கணக்கைத் தொட மாட்டான், கெட்டிக்காரப் பட்டம் போய்விடுமே. ‘அட்டவணை போட்டுப் பார்த்தாய், அதனால் 1, 4, 9 கண்ணில் பட்டது’ என்றால் அடுத்த முறையும் அட்டவணை போடுவான். தவறான விடையை உடனே அடிக்காமல், ‘எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். சரியான விடைக்கும் அதே தொனியில் அதே கேள்வி. தவறுக்கு மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே ‘தப்பு’ என்பதன் மறுபெயராகிவிடும்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. ‘எனக்கும் கணக்கு வராது, நம் குடும்பமே அப்படித்தான்’ என்று ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள். பிள்ளை அதைத் தப்பிக்கும் வழியாக எடுத்துக்கொள்ளும். தெரியாவிட்டால் ‘எனக்கு விளக்கு பார்க்கலாம்’ என்று கேளுங்கள். விளக்கத் தொடங்கிய இடத்தில்தான் பிள்ளைக்குத் தன் ஓட்டை தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைப் பிடுங்கிப் போட்டுக் கொடுப்பதை விட எழுந்து போய்விடுவது நல்லது.

மேல்வகுப்புகளில்

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தேர்வு எல்லாவற்றையும் விழுங்கிவிடும், கண்டுபிடிப்புக்கு நேரமில்லை என்பார்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும், மற்ற நாள்களில் விதிகளுக்குக் காரணம் சொன்னாலே பாதி வேலை ஆகிவிடும். இரண்டு எண்களின் கூட்டலை வர்க்கப்படுத்தும்போது நடு உறுப்பு விட்டுப்போகிறதா? 13 × 13-ஐ 10-உம் 3-உமாகப் பிரித்துச் சதுரம் வரையுங்கள்: 100, 30, 30, 9. இரண்டு 30-களையும் தூக்கிவிட்டால் 109, ஆனால் விடை 169. பின்னத்தால் வகுக்கத் தலைகீழாக்கிப் பெருக்குவது ஏன்? 3 பட்டைகளில் கால் பட்டைகள் எத்தனை என்று எண்ணினால் 12 வருகிறது, அவ்வளவுதான். எந்த விதியையும் சிறிய எண் ஒன்றைப் போட்டுச் சோதிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் தேர்வுத் தாளை எட்டாது.

கணக்கு முடிந்துபோன பாடம் என்று நினைக்கும் பதினைந்து வயதுக்காரருக்கு ஒரு திறந்த கேள்வி கொடுங்கள். ஓர் எண்ணை எடு. இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. திரும்பத் திரும்பச் செய். 7-இல் தொடங்கினால் 16 படியில் 1 வந்துவிடும். 27-இல் தொடங்கினால் 9232 வரை ஏறி இறங்கி, 111 படிகள் கழித்துத்தான் 1-க்கு வரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் 1-க்குத்தான் வருமா? லோதர் கொல்லாட்ஸ் 1937-இல் எழுப்பிய கேள்வி, இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. 27-ஐக் கையால் செய்யச் சொல்ல வேண்டாம், வெறுத்துவிடுவார்கள். 1 முதல் 20 வரை வகுப்பில் பங்கிட்டுக் கொடுங்கள். ஒருவரின் வரிசை இன்னொருவரின் வரிசையில் போய்ச் சேருவதை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

பலன் தெரிகிறதா?

மதிப்பெண்ணை முதல் மாதத்தில் பார்க்க வேண்டாம். ‘இது சரியா?’ என்று தாளை நீட்டுவது குறைந்து ‘இது ஏன் இப்படி வருகிறது?’ என்று கேட்பது கூடுகிறதா என்று கவனியுங்கள். மணி அடித்த பிறகும் இருவர் வாதாடிக்கொண்டு போனால் போதிய அறிகுறி. வெற்றுத் தாள் கொடுத்தவர் பாதி அடித்த தாள் கொடுத்தால் அது பெரிய முன்னேற்றம்.

ஆறு வாரம் கழித்தும் ஒருவரிடம் எந்த அசைவும் இல்லை என்றால் அதே ஏழு கேள்விகளை எழுத்தில் வேண்டாம், தனியாக உட்காரவைத்து வாயால் கேளுங்கள். யோசிப்பதை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். கேள்வியைப் படிப்பதிலேயே தடுமாறுகிறார் என்றால் கோளாறு கணக்கில் இல்லை, வாசிப்பில். பலகை தெரிகிறதா, பின்வரிசையில் குரல் கேட்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி தேவைப்படுவது தெரியாமலே ‘மக்கு’ என்று பெயர் வாங்கியவர்கள் உண்டு. மூன்று நான்கு பொருள்களைக்கூட ஒவ்வொன்றாக எண்ணித்தான் சொல்கிறார், 6-உம் 9-உம் எது பெரியது என்பதற்கே விரல் விடுகிறார், பல மாதம் பயிற்சி கொடுத்தும் இது மாறவில்லை என்றால் அது கணிதக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதைச் சோதித்துச் சொல்லக் கற்றல் குறைபாட்டு வல்லுநர் வேண்டும். அதுவரை அவருக்கு வாய்ப்பாட்டு அட்டையையும் கூடுதல் நேரத்தையும் தாராளமாகக் கொடுங்கள், ‘சோம்பேறி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.